பள்ளிக்கூடமும் சண்டையும் ஏன் ஒட்டாமல் நிற்கின்றன

கேட்டவர் ஒரு திரைக்கதை எழுதிக்கொண்டிருக்கிறார். பிளஸ் ஒன் படிக்கும் பையனுக்குச் சக்தி கிடைக்கிறது. பகலில் பள்ளி, ராத்திரியில் சண்டை. படித்துப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே குறையைச் சொல்கிறார்களாம்: இரண்டு படத்தை ஒட்டவைத்த மாதிரி இருக்கிறது, ஸ்கூல் சீன் வந்தாலே எப்போது முடியும் என்று தோன்றுகிறது. 2017-இல் வந்த ‘ஸ்பைடர் மேன்: ஹோம்கமிங்’ படத்தில் இந்த ஒட்டு ஏன் தெரியவில்லை, பள்ளிக்கு இத்தனை நிமிடம் சண்டைக்கு இத்தனை நிமிடம் என்று ஏதாவது கணக்கு உண்டா என்பது அவருடைய கேள்வி. கூடவே, பையனின் ரகசியம் அம்மாவுக்குத் தெரியவருவதை எங்கே வைப்பது என்றும் கேட்டிருக்கிறார்.

நிமிடக் கணக்கு உதவாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் படம் 133 நிமிடம் ஓடுகிறது. அதைப் பள்ளி என்றும் சண்டை என்றும் கூறுபோட உட்கார்ந்தால் கால் மணி நேரத்திலேயே கை நின்றுவிடும், ஏனென்றால் முக்கால்வாசிக் காட்சிகள் எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாதவை. நண்பன் நெட், ஹீரோ பீட்டரின் படுக்கையில் 3,803 துண்டுகள் கொண்ட லெகோ பொம்மையோடு காத்திருக்கிறான். ஜன்னல் வழியாக முழு உடையில் உள்ளே வரும் பீட்டர் உட்கூரையில் ஊர்ந்து வந்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுத் திரும்புகிறான். நெட்டின் கையிலிருந்த பொம்மை விழுந்து சிதறுகிறது. இது பள்ளி நண்பன் காட்சியா, சூப்பர் ஹீரோ காட்சியா? இரண்டும்தான். ஆகவே நீங்கள் அளவைக் கேட்டிருந்தாலும், உங்களுக்குத் தேவைப்படுவது முடிச்சு. இரண்டு ட்ராக்கும் எந்த இடத்தில் ஒன்றை ஒன்று பிடித்து இழுக்கின்றன என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இந்தப் படத்தில் முதல் முடிச்சு நேரம். வயதுவந்த ஹீரோவுக்கு நேரம் சொந்தம். இரவெல்லாம் ஊர் சுற்றிவிட்டு மத்தியானம் வரை தூங்கினால் அவனைக் கேட்பாரில்லை. பதினைந்து வயதுப் பையனின் ஒரு மணி நேரம்கூட அவனுடையது இல்லை. மணி அடிக்கும் வரை வகுப்பு, பிறகு போட்டிக்குப் பயிற்சி, வீட்டுக்கு வரவேண்டிய நேரம், வெளியூர் போவதென்றால் பெரியவர்களின் அனுமதி. அதனால் கடமைக்கும் பருவத்துக்கும் நடக்கும் இழுபறி இங்கே மனப்போராட்டமாக இல்லை. கடிகாரத்தில் கண்ணால் பார்க்கக்கூடியதாக இருக்கிறது. பீட்டர் ஏற்கெனவே அணிவகுப்பு வாத்தியக் குழுவையும் ரோபாட்டிக்ஸ் ஆய்வகத்தையும் விட்டுவிட்டான் என்ற தகவலை உடன் படிக்கும் மிஷெல் போகிற போக்கில் சொல்கிறாள். இப்போது பொதுஅறிவுப் போட்டிக் குழுவையும் விடப் பார்க்கிறான். இவ்வளவு விட்டுச் சேர்த்த நேரத்தில் அவன் செய்வது என்ன? கடைசி மணி அடித்ததும் சந்துக்குள் ஓடி உடை மாற்றுகிறான். சைக்கிள் திருடனைப் பிடிக்கிறான். வழி கேட்ட பாட்டிக்கு வழி சொல்கிறான், அவர் ஒரு இனிப்பு வாங்கித் தருகிறார். சொந்தக் காரையே திறந்துகொண்டிருந்த ஒருவரைத் திருடன் என்று மடக்கித் தெருவே அவனைத் திட்டுகிறது. இதற்கிடையில் சந்தில் வலை போட்டு ஒட்டிவைத்த புத்தகப் பை காணாமல் போய்விடுகிறது. புதுப் பை வேண்டும் என்று அத்தை மேயிடம் கேட்கும்போதுதான் தொலைந்தது இது ஐந்தாவது பை என்று நமக்குத் தெரிகிறது. ஒரு பையை வைத்தே இத்தனை மாதமாக அவன் என்ன விலை கொடுத்துவருகிறான் என்பதைச் சொல்லிவிட்டார்கள்.

உங்கள் கதையில் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். பையன் ராத்திரி பதினொரு மணிக்கு மேல், வீடு தூங்கிய பிறகு, ஊரைக் காப்பாற்றப் போனால் அவனுக்கு எந்த நஷ்டமும் இல்லை. மறுநாள் வகுப்பில் தூங்கி வழிவதாக ஒரு காட்டு காட்டுவீர்கள், அவ்வளவுதான். ‘இரண்டு படம்’ என்ற குறை பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது. பகல் ஒரு பெட்டி, ராத்திரி ஒரு பெட்டி என்று நீங்களே பிரித்துக் கொடுத்துவிட்டீர்கள். வில்லனுடைய வேலையைப் பிற்பகல் மூன்றரைக்கு மாற்றுங்கள். ரிவிஷன் டெஸ்ட் நடக்கும் நேரத்துக்கு மாற்றுங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும்.

இரண்டாவது முடிச்சு, காத்திருக்கும் ஆள். பீட்டர் எதையாவது விட்டுவிட்டு ஓடும் ஒவ்வொரு முறையும் அங்கே பெயருள்ள ஒருவர் நின்றுகொண்டிருக்கிறார். அவனுக்குப் பிடித்த சக மாணவி லிஸ். அவள் வீட்டு விருந்துக்குப் போகிறான், தூரத்தில் வெடிப்பு தெரிகிறது, அவளிடம் சொல்லாமலே போய்விடுகிறான். வாஷிங்டன் ஹோட்டலில் நீச்சல் குளத்துக்கு அவள் கூப்பிடுகிறாள், போகவில்லை. அன்றிரவு ஆயுதக் கும்பலைத் துரத்திப் போய் ஒரு பாதுகாப்புக் கிடங்குக்குள் மாட்டிக்கொள்கிறான், மறுநாள் போட்டியில் அவனுடைய நாற்காலி காலி. கடைசியாக ஹோம்கமிங் நடனம். அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் இலையுதிர் காலத்தில் பழைய மாணவர்களை வரவேற்று நடக்கும் விழாவை ஒட்டிய நடனம் அது. யாரோடு போகிறோம் என்பது அந்த வயதில் பெரிய விஷயம். அங்கேயும் உள்ளே போய், மன்னிப்பு மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறான். நான்கு முறையும் ஏமாறுவது ஒரே பெண். ஒரு தடவை ஆசிரியர், ஒரு தடவை நண்பன், ஒரு தடவை தங்கை என்று பிரித்துப் போட்டிருந்தால் எதுவும் சேர்ந்திருக்காது. ஒரே ஆளிடம் கடன் ஏற ஏறத்தான் பார்ப்பவருக்குக் கூச்சம் வருகிறது.

மூன்றாவது, பொய். எழுதுபவர்கள் பெரும்பாலும் சறுக்கும் இடம் இது. ரகசிய வாழ்க்கை உள்ள பையன் என்றதும் காட்சிக்கு ஒரு சாக்கு எழுதிவிடுவோம்: இன்றைக்கு டியூஷன், நாளைக்கு நண்பனுக்கு உடம்பு சரியில்லை. சிரிப்பு வரும், ஆனால் கதை நகராது. ஹோம்கமிங்கில் பொய் ஒன்றே ஒன்றுதான்: அயர்ன் மேன் உடை போடும் தொழிலதிபர் டோனி ஸ்டார்க்கிடம் இன்டர்ன்ஷிப், அதாவது பயிற்சி வேலை. அத்தைக்கும் அதே பதில், பள்ளிக்கும் அதே பதில், கிண்டல் செய்யும் ஃபிளாஷுக்கும் அதே பதில். அது பாதி உண்மையும்கூட. ஸ்டார்க்கோடு தொடர்பு இருப்பது நிஜம், வேலை மட்டும் வேறு. ஒரே பொய்யை எல்லாரிடமும் சொன்னதில் என்ன லாபம் என்றால், எல்லாருடைய தகவலும் ஒரே நூலில் கோத்துக் கிடக்கிறது. எவனாவது ஒருவன் நுனியைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் வந்துவிடும். கதாசிரியர்கள் அதை இழுக்கும் வேலையை வில்லனிடம் கொடுத்தார்கள்.

அந்தக் காட்சியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அதில் இருக்கிறது. படத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஓடியிருக்கும். பீட்டருக்கு மே டை கட்டச் சொல்லித் தருகிறாள், நடன அடி சொல்லித் தருகிறாள். கோட்டு போட்டு, பூவோடு லிஸ் வீட்டுக் கதவைத் தட்டுகிறான். திறப்பது ஏட்ரியன் டூம்ஸ், இதுவரை இறக்கை மாட்டிக்கொண்டு அவனைத் துரத்திய ஆள். லிஸ்ஸின் அப்பா. டூம்ஸுக்கு இன்னும் எதுவும் தெரியாது. அவனே காரை ஓட்டி இருவரையும் விழாவுக்கு அழைத்துப் போகிறான். பீட்டர் பின்சீட்டில். எந்த அப்பாவும் கேட்கும் கேள்விகளைத்தான் அவன் கேட்கிறான். என்ன படிக்கப்போகிறாய், எங்கே வேலை செய்கிறாய். லிஸ் எந்த உள்நோக்கமும் இல்லாமல் பதில் சொல்கிறாள்: ஸ்டார்க்கிடம் இன்டர்ன்ஷிப், ஸ்பைடர் மேனைக்கூடத் தெரியும், வாஷிங்டனில் எங்கள் கூடத்தான் வந்திருந்தான், ஆனால் திடீர் திடீரென்று காணாமல் போய்விடுவான், என் பார்ட்டியிலும் அப்படித்தான். இதுவரை நாம் பள்ளிக் காட்சிகள் என்று பார்த்துவந்த அத்தனையும் இப்போது ஒரு குற்றவாளியின் கையில் சாட்சியமாகச் சேர்கின்றன. கார் சிக்னலில் நிற்கிறது. டூம்ஸின் முகத்தில் சிவப்பு வெளிச்சம். கண்ணாடியில் பின்சீட்டுப் பையனைப் பார்க்கிறான். வெளிச்சம் பச்சைக்கு மாறுகிறது. வண்டியை எடுக்கச் சொல்லி லிஸ் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. இதில் ஒரு குத்து இல்லை, ஒரு வெடி இல்லை. படத்திலேயே அதிகம் பதறவைக்கும் இடம் இதுதான்.

பள்ளி வாசலில் லிஸ்ஸை இறங்கச் சொல்லிவிட்டு, பையனிடம் இரண்டு வார்த்தை பேசவேண்டும் என்கிறான் டூம்ஸ். துப்பாக்கியை எடுக்கிறான். என் மகளின் உயிரைக் காப்பாற்றியிருக்கிறாய், அதற்காக விட்டுவிடுகிறேன், உள்ளே போய் அவளைச் சந்தோஷமாக வைத்துக்கொள், என் வேலையில் தலையிட்டால் உன்னையும் உனக்கு வேண்டியவர்களையும் கொன்றுவிடுவேன் என்ற பொருளில் பேசுகிறான். கடைசியில், உன் உயிரைக் காப்பாற்றியிருக்கிறேன், என்ன சொல்ல வேண்டும் என்று கேட்கிறான். பையன் நன்றி சொல்கிறான். மிட்டாய் கொடுத்துவிட்டு மாமாவுக்கு தாங்க்ஸ் சொல்லு என்று குழந்தையிடம் கேட்கும் அதே தொனி. ஒரு வில்லன் ஹீரோவை மிரட்டும் காட்சியாகவும், காதலியின் அப்பா பையனை எச்சரிக்கும் காட்சியாகவும் ஒரே நேரத்தில் நடக்கிறது. எந்த வரியையும் எடுத்து அடுத்த கணக்கில் போட முடியாது.

இந்தத் திருப்பத்தை மட்டும் எடுத்து உங்கள் கதையில் வைத்துவிடாதீர்கள். ‘காதலியின் அப்பாதான் வில்லன்’ என்பது ஒரு வரியாகப் பார்த்தால் தற்செயல்தான், நம் ஊரில் பழகிப்போன தற்செயலும்கூட. அது இங்கே எடுபடுவதற்குப் பல லீடுகள், அதாவது முன்குறிப்புகள், முன்னாலேயே வைக்கப்பட்டிருக்கின்றன. படம் தொடங்குவதே டூம்ஸோடுதான். முந்தைய ‘அவெஞ்சர்ஸ்’ படத்தில் நடந்த நியூயார்க் சண்டைக்குப் பிறகு இடிபாடு அள்ளும் ஒப்பந்தத்தை எடுத்து, வண்டி வாங்கி, ஆள் சேர்த்து, அரசும் ஸ்டார்க்கும் சேர்ந்து நடத்தும் அமைப்பு வந்து பறித்துக்கொள்ளப் பிழைப்பை இழந்தவன். குடும்பம் இருக்கிறது என்று அப்போதே சொல்கிறான். லிஸ் வீட்டு விருந்தில் அந்தப் பெரிய வீட்டைப் பார்க்கிறோம், அப்பாவைக் காட்டுவதில்லை. வாஷிங்டன் நினைவுத் தூணில் லிஃப்டோடு விழப்போன லிஸ்ஸைப் பீட்டர் காப்பாற்றுகிறான். அது அப்போதைக்கு ஒரு சாகசக் காட்சி. காருக்குள் வரும்போது அதுவே வில்லன் பட்ட கடனாக மாறுகிறது. அந்தக் கடன் இல்லையென்றால் டூம்ஸ் அவனை அங்கேயே சுட்டிருக்க வேண்டும், காட்சி நின்றிருக்காது.

இன்னொன்று, நம் ஊர்ப் படத்துக்கு இடைவேளை உண்டு. இவ்வளவு பலமான காட்சியைப் பார்த்ததும் அதை இன்டர்வெல் பிளாக்காக வைக்கத் தோன்றும். வைத்தால் கெட்டுவிடும் என்பது என் அபிப்பிராயம். கதவு திறப்பதற்கு முன் பையன் உடையை இழந்திருக்க வேண்டும், ஹீரோ வேலையை விட்டுவிட்டு சாதாரணப் பையனாக இருப்பதில் கொஞ்சம் நிம்மதி கண்டிருக்க வேண்டும். அந்த நிம்மதிக்குள்தான் டூம்ஸ் வந்து நிற்கிறான். முன்னால் தள்ளினால் இழப்பதற்கு ஒன்றும் இருக்காது. இடைவேளைக்குப் பொருத்தமானது அதற்கு முந்தைய ஸ்டேட்டன் தீவு ஃபெர்ரி காட்சி மாதிரியான ஒன்று. பையன் தானாக முடிவெடுக்கிறான், கப்பல் இரண்டாகப் பிளக்கிறது, வலை போட்டு இழுத்துக்கட்டுகிறான், உடையில் இருக்கும் குரல் 98 சதவீதம் வெற்றி என்கிறது, மீதி இரண்டில் எல்லாம் அறுந்துபோகிறது. அயர்ன் மேன் வந்து ஒட்டவைக்கிறான். பிறகு, தான் கொடுத்த உடையைத் திருப்பிக் கேட்கிறான்.

இந்த உடை விஷயத்தில் நான் சொல்லப்போவது என் வாசிப்பு, படம் நேராகச் சொல்வதில்லை. அந்த உடை ஒரு சூப்பர் ஹீரோ சாதனம் என்பதைவிட, வீட்டில் வாங்கிக் கொடுத்த பைக் சாவி அல்லது செல்போன் மாதிரி நடத்தப்படுகிறது. வாங்கிக் கொடுத்தவர் நிபந்தனை போட்டிருக்கிறார், எங்கே இருக்கிறான் என்று பார்க்கும் கருவி வைத்திருக்கிறார், பழகுபவருக்கான பூட்டும் போட்டிருக்கிறார். பையனும் நண்பனும் ஹோட்டல் அறையில் உட்கார்ந்து இரண்டையும் கழற்றிவிடுகிறார்கள். தப்பு செய்ததும் பறிமுதல். இதைப் பார்க்க சூப்பர் ஹீரோ அனுபவம் வேண்டாம், வீட்டில் ஒரு டீன் ஏஜ் பிள்ளை இருந்தால் போதும். உங்கள் பையனின் சக்தி உடம்பிலேயே இருப்பதாக எழுதியிருந்தால், யாராலும் பறிக்க முடியாது. அப்போது பறிக்கக்கூடிய வேறு ஏதாவது ஒன்றை அவன் கையில் கொடுத்தாக வேண்டும்.

இதில் பழைய வரலாறு ஒன்றும் இருக்கிறது. 1940-இல் பேட்மேனின் துணையாள் ராபின் வந்ததிலிருந்து காமிக்ஸில் பதின்வயதுப் பையன் என்றால் பெரும்பாலும் பெரிய ஹீரோவின் உதவியாள்தான். அவனுக்கு ஒளிக்க ஆளில்லை, கூட இருக்கும் பெரியவருக்கு எல்லாம் தெரியும். 1962 ஆகஸ்ட் தேதியிட்ட இதழில் எழுத்தாளர் ஸ்டான் லீயும் ஓவியர் ஸ்டீவ் டிட்கோவும் ஸ்பைடர் மேனைக் கொண்டுவந்தபோது அந்தப் பெரியவரை எடுத்துவிட்டார்கள். முடிவெடுக்கும் பாரம் முழுக்கப் பையன் தலையில். ஹோம்கமிங் டோனி ஸ்டார்க்கைத் திரும்பக் கொண்டுவந்ததால் பாத்திரம் மறுபடி உதவியாளாகச் சுருங்கிவிட்டது என்று ரசிகர்கள் சிலர் குறைப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் படம் அதைச் சமாளிக்கும் விதத்தையும் பாருங்கள். அந்தப் பெரியவர் எப்போதும் தொலைவில். ஏரியில் மூழ்கவிருந்த பையனைத் தூக்கும் இரும்பு உடைக்குள் ஆளே இல்லை, டோனி இந்தியாவிலிருந்து பேசிக்கொண்டிருக்கிறான். டோனியின் உதவியாளர் ஹேப்பிக்குப் பையன் அனுப்பும் குறுஞ்செய்திகளுக்குப் பதில் வருவதில்லை. பக்கத்தில் இருந்து உதவும் பெரியவர் கதையைக் கெடுப்பார். எடுக்காத போன் மாதிரி இருக்கும் பெரியவர் கதையை வளர்ப்பார்.

அனுபவமின்மையைக் காட்டுவதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பையன் தடுமாறுகிறான் என்று எழுதினால் போதாது, எதில் தடுமாறுகிறான் என்று இடம் சொல்ல வேண்டும். விருந்து நடப்பது புறநகர்ப் பகுதியில். வலை வீசி ஊஞ்சலாட உயரமான கட்டடமே கிடையாது. கோல்ஃப் மைதானத்தில் மூச்சிரைக்க ஓடுகிறான், கொல்லைப்புறங்களில் வேலிகளையும் கொட்டகைகளையும் உடைத்துக்கொண்டு போகிறான். சக்தி அப்படியே இருக்கிறது, இடம் மாறியதும் அது பயன்படவில்லை. 2018-இல் வந்த ‘ஸ்பைடர் மேன்: இன்டு தி ஸ்பைடர்-வெர்ஸ்’ என்ற அனிமேஷன் படத்தில் இதைத் தொழில்நுட்பத்தாலேயே செய்தார்கள். திரையில் வினாடிக்கு 24 ஃபிரேம். அனுபவசாலியான பீட்டர் காட்டுக்குள் ஊஞ்சலாடும்போது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் புது அசைவு. புதுப் பையன் மைல்ஸுக்கு ஒவ்வொரு அசைவும் இரண்டு ஃபிரேம் நிற்கும், அதாவது வினாடிக்கு 12. அதனால் அவன் அசைவு வெட்டி வெட்டி வருகிறது. பார்ப்பவர் காரணம் தெரியாமலே அவன் இன்னும் பழகவில்லை என்று உணர்கிறார். அதே படத்தில் சிறப்புப் பள்ளியிலிருந்து வெளியேற ஆசைப்பட்டு மைல்ஸ் சரியா தவறா தேர்வில் வேண்டுமென்றே பூஜ்யம் வாங்குவான். எல்லாக் கேள்விக்கும் சரியான விடை தெரிந்தவனால்தான் எல்லாவற்றையும் தப்பாகக் குறிக்க முடியும் என்று ஆசிரியர் பிடித்துவிடுவார். பொறுப்பிலிருந்து நழுவும் பையன் யார் என்பதை ஒரு வினாத்தாளிலேயே காட்டிவிட்டார்கள். பள்ளிக் காட்சி சலிப்பாகத்தான் இருக்கும் என்று நினைப்பவர்கள் அந்த ஒரு காட்சியைப் பார்க்க வேண்டும்.

முகமூடியைப் பற்றியும் யோசித்து வையுங்கள். பருவத்தின் பதற்றம் எல்லாம் முகத்தில்தான் தெரியும், உங்கள் ஹீரோ சண்டை முழுக்க முகத்தை மூடியிருப்பான். ஹோம்கமிங்கில் கண் பகுதி சுருங்கி விரிகிறது, உடைக்குள் ஒரு குரலைப் பேசவிட்டார்கள், வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் முகமூடியைக் கழற்றினார்கள். இடிபாட்டுக்கு அடியில் சிக்கும் காட்சியில், வீட்டில் தைத்த பழைய உடையோடு, முகமூடி இல்லாமல், உதவிக்கு யாராவது வாருங்கள் என்று பையன் அழுகிறான். எதிரே தேங்கிய தண்ணீரில் பாதி அவன் முகம், பாதி முகமூடி. 1966 பிப்ரவரி தேதியிட்ட காமிக்ஸ் இதழ் ஒன்றின் புகழ்பெற்ற காட்சியிலிருந்து எடுத்தது அது. அங்கே இல்லாத அந்த அழுகைதான் இவனைப் பதினைந்து வயதுப் பையனாக்குகிறது. நடிகர் தேர்வும் இதற்கு உதவியது. படப்பிடிப்பின்போது டாம் ஹாலண்டுக்கு 20 வயது. 2002-இல் வந்த ‘ஸ்பைடர் மேன்’ எடுக்கப்பட்டபோது டோபி மக்வயருக்கு 25, 2012-இல் வந்த ‘தி அமேசிங் ஸ்பைடர் மேன்’ எடுக்கப்பட்டபோது ஆண்ட்ரூ கார்ஃபீல்டுக்கு 27. 2002 படத்தில் பாதிப் படம் ஓடுவதற்குள்ளேயே பீட்டர் பள்ளிப் படிப்பை முடித்துவிடுவான். நடிகரின் வயதும் அதற்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம், இது என் ஊகம்தான்.

படத்தில் ஓட்டைகளும் இருக்கின்றன, அவற்றைப் பின்பற்றிவிடக் கூடாது. லிஸ் நான்கு முறை ஏமாறுகிறாள், ஆனால் அவளுக்கு என்று ஒரு ஆசையோ பயமோ எழுதப்படவில்லை. கடைசியில் அப்பா சிறைக்குப் போக, அவள் ஊரைவிட்டே போகிறாள். பீட்டருக்கு அது ஒரு சோகமான பள்ளித் தாழ்வாரக் காட்சி, அவளுக்கு வாழ்க்கையே போயிற்று. இரண்டு நிமிடத்தில் கடந்துவிடுகிறார்கள். போட்டிக்கு வராதவனைப் பள்ளி ஒரு தண்டனை வகுப்போடு விட்டுவிடுகிறது, குழுவும் சுலபமாக மன்னித்துவிடுகிறது. திரைக்கதைக்கு மூன்று ஜோடிகளாக ஆறு பேர் பெயர் இருக்கிறது. யார் எதை எழுதினார்கள் என்று பெயர்ப் பட்டியலை வைத்துச் சொல்ல முடியாது, ஆனால் சில நகைச்சுவை இழைகள் எங்கும் போய்ச் சேராமல் நிற்பது தெரிகிறது.

இனி உங்கள் பிரதி. ஒன்லைன் ஆர்டரை, அதாவது காட்சிகளை வரிசையாக ஒரு வரியில் எழுதிய பட்டியலை, எடுத்து ஒவ்வொரு காட்சியையும் ஒரு அட்டையில் எழுதுங்கள், பள்ளிக்கு ஒரு நிறம், சண்டைக்கு ஒரு நிறம். அட்டையின் பின்பக்கம், இந்தக் காட்சியால் மற்ற வாழ்க்கையில் எது போனது என்று ஒரு வரி. ‘அவன் மனம் வேதனைப்படுகிறது’ என்று எழுதக் கூடாது. பை தொலைந்தது, ஹால் டிக்கெட் வாங்கவில்லை, தங்கச்சியைக் கூட்டிவரப் போகவில்லை என்று கையால் தொடக்கூடியதாக இருக்க வேண்டும். பின்பக்கம் காலியாக இருக்கும் அட்டைகளைத் தனியாக அடுக்குங்கள். காலியான பள்ளி அட்டை ஒன்றை எடுத்து, காலியான சண்டை அட்டை ஒன்றோடு சேர்த்து ஒரே காட்சியாக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாதவற்றை எடுத்துவிடலாம். அடுத்து ஒரு நாட்காட்டி: கதை எந்தத் தேதியில் தொடங்கி எதில் முடிகிறது, எது பள்ளி நாள், எப்போது காலாண்டுத் தேர்வு. தேதி போடாமல் எழுதினால் சண்டைகள் தாமாகவே விடுமுறை நாளுக்கு நகர்ந்துவிடும். மூன்றாவதாக ஒரு தாளில், பையன் யாரிடம் என்ன பொய் சொல்லியிருக்கிறான் என்ற பட்டியல். மூன்று பொய்க்கு மேல் இருந்தால் ஒன்றாகக் குறைக்கப் பாருங்கள். இந்த மூன்றும் செய்து முடிக்க இரண்டு மூன்று நாள் ஆகும். வசனத்தில் கைவைப்பதை அதுவரை தள்ளிப்போடுங்கள்.

அம்மா விஷயம். ஹோம்கமிங்கில் மே நேரில் பார்ப்பது கடைசி ஷாட்டில்தான். திரும்பி வந்த உடையைப் போட்டு நிற்கும் பையனுக்குப் பின்னால் அவள் கதவருகே வந்து நிற்கிறாள், கத்துகிறாள், படம் முடிகிறது. அதனால் கிளைமாக்ஸிலோ முடிவிலோ வைப்பதுதான் சரி என்று முடிவுகட்டிவிடலாம். ஆனால் மேயின் கனமான காட்சி அது இல்லை. ஃபெர்ரிக்குப் பிறகு அவன் வீட்டுக்கு வருகிறான். தண்டனை வகுப்பிலிருந்து எழுந்து போனது தெரியும், வாஷிங்டனில் அறையைவிட்டு வெளியே போனது தெரியும், ராத்திரி ராத்திரி வீட்டைவிட்டுப் போவதும் தெரியும் என்று மே வரிசையாகச் சொல்கிறாள். என்ன செய்கிறான் என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது. அவனும் உண்மையைச் சொல்வதில்லை. இன்டர்ன்ஷிப் போய்விட்டது என்று தன் ஒரே பொய்யின் வழியாகவே அழுகிறான், அவள் அணைத்துக்கொள்கிறாள். பிள்ளை எதையோ இழந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்துவிடுகிறது, எதை என்று தெரியாமலே. உங்கள் கதையில் அம்மா எப்போது கண்டுபிடிக்கிறாள் என்பதை எங்கே வேண்டுமானாலும் வையுங்கள். அதற்கு முன்னால், கண்டுபிடிக்காமலே அவள் எவ்வளவு தெரிந்துவைத்திருக்கிறாள் என்று காட்டும் காட்சி ஒன்று உங்கள் பிரதியில் இல்லை என்றால், அதை முதலில் எழுதுங்கள்.